கட்டுண்ட உதவி: சொல் விளக்கம்

வெளிநாட்டு உதவி பற்றிய செய்திகளில் ‘டைட் எய்ட்’ என்ற சொல் அடிக்கடி தென்படும். பணம் கொடுக்கும் நாடு, அதில் வாங்கும் பொருளையும் சேவையையும் தன் நாட்டு நிறுவனங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டிப்போடுவதுதான் அது. ‘டை’ என்றால் கட்டு. ‘எய்ட்’ லத்தீனில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் பலர் ‘நிபந்தனை உதவி’ என்று எழுதுகிறார்கள். இது குழப்பம் தரும். மானியத்தைக் குறை, நாணய மதிப்பை இறக்கு, அரசு நிறுவனத்தை விற்றுவிடு என்று 1980களில் உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் கடனோடு சேர்த்து விதித்தவைதாம் நிபந்தனைகள். அவை அரசின் கொள்கையில் கைவைப்பவை. இங்கே கட்டு இருப்பது கொள்முதலில். ‘பிணைப்பு உதவி’ என்றால் ஜாமீன்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் ‘கட்டுண்ட உதவி’ என்பதே என் தேர்வு. ‘கட்டற்ற மென்பொருள்’ நமக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால், எதிர்ச்சொல்லாகக் ‘கட்டற்ற உதவி’யும் தயாராக இருக்கிறது.

இந்தக் கட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மலேசியாவின் பெர்காவ் அணை சாட்சி. 1988இல் பிரிட்டன் அந்நாட்டுக்கு ஆயுதம் விற்கப் பேசியபோதே உதவித்தொகையும் அதோடு முடிச்சுப் போடப்பட்டது. அணை கட்டும் வேலை பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு. உதவி நிதியிலிருந்து 23.4 கோடி பவுண்டு. போடும் பணத்துக்கு இது தகாத திட்டம் என்று உதவித் துறையின் தலைமை அதிகாரியே எதிர்ப்புத் தெரிவித்தும் 1991இல் ஒப்புதல் தரப்பட்டது. 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த முடிவு சட்டவிரோதம் என்றது. 2001இல் பிரிட்டன் தன் உதவி முழுவதையும் கட்டவிழ்த்தது.

சரி, பணம் எப்படியோ வருகிறதே, அதில் என்ன நஷ்டம்? கட்டுண்டால் அதே வேலைக்கு 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகச் செலவாகும் என்பது, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஈசிடியின் மதிப்பீடு. கடனாக வந்த உதவி என்றால் அந்தக் கூடுதலையும் வட்டியோடு அடைப்பது ஏழை நாடுதான். அப்புறம், கொடுத்த நாட்டிலிருந்து வந்த பம்பு பழுதானால் உதிரிபாகமும் அங்கிருந்தே வரவேண்டும். வரும்வரை வயல் காயும். எனக்கு மிகவும் வலிக்கும் இழப்பு இன்னொன்று: உள்ளூர் ஒப்பந்தக்காரருக்கும் பொறியாளருக்கும் கிடைத்திருக்க வேண்டிய வேலையும் அனுபவமும் வெளியே போய்விடுகின்றன. வளர்ச்சிக்கு வேர்பிடிப்பது அந்த அனுபவத்தில்தானே!

உணவு உதவியிலும் இதே கதைதான். அமெரிக்கா அனுப்பும் உணவில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் போகவேண்டும் என்பது சட்டம். பசித்தவருக்கான பணத்தில் ஒரு பங்கைக் கப்பல் கூலி தின்றுவிடுகிறது. தானியம் அறுவடை நேரத்தில் போய் இறங்கினாலோ, அங்குள்ள விவசாயியின் விளைச்சலுக்கு விலை விழக்கூடும்.

மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான உதவியைக் கட்டவிழ்க்க வேண்டும் என்று ஓஈசிடியின் வளர்ச்சி உதவிக் குழு 2001இல் பரிந்துரைத்தது. உணவு உதவியையும் தொழில்நுட்ப உதவியையும் மட்டும் அதில் சேர்க்கவில்லை. காகிதத்தில் கட்டு இல்லாமலே, கொடுக்கும் நாடு ஏல அறிவிப்பைத் தன் மொழியில் மட்டும் வெளியிட்டு, தன் நிறுவனங்களுக்கே பொருந்தும்படி தகுதிகளை எழுதிவிடுகிற வழியும் உண்டு. அதை ‘நடைமுறையில் கட்டுண்ட உதவி’ என்று தனியாகக் குறிப்பிட வேண்டும்.