போதை விட்ட பிறகுதான் உயிர் போகிறது

மறுபடியும் அதே கதை. சிகிச்சை மையத்தில் சில வாரம் இருந்து, நடுக்கமும் வயிற்றுப்போக்கும் அடங்கி, முகம் தெளிந்து வீடு திரும்பிய இளைஞன். "அதான் உடம்பு சுத்தமாயிடுச்சே டாக்டர், இனி எதுக்கு மாத்திரை?" என்று வீட்டார் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் மனம் தடுமாறிப் பழைய அளவையே எடுத்தான். பிழைக்கவில்லை. இன்னும் எத்தனை பேர் இப்படிப் போக வேண்டும்?

ஹெராயின், மார்பின், ஃபென்டனில் என்ற இந்தப் போதைப்பொருள்கள் எல்லாமே நரம்பு செல்களில் உள்ள 'மியூ' என்ற ஏற்பிப் புரதத்தில் போய் ஒட்டுகின்றன. நம் உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் வேலை செய்வதும் இதே புரதத்தில்தான். மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இது இருக்கிறது. தினமும் போதை ஏற ஏற ஏற்பிகள் மந்தமாகின்றன, அளவு கூடுகிறது. நிறுத்தினால் சில நாள், சில வாரத்திலேயே அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஆனால் ஏக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. மனம் பழைய அளவைக் கேட்கும், மூச்சு அதைத் தாங்காது.

எனக்கு அதிகம் கோபம் வருவது, "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்ற கேள்வியில்தான். சிகிச்சையில் நாங்கள் கொடுக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மருந்து அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பாதியளவுதான் தூண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் டோஸைக் கூட்டினாலும் மூச்சை அமுக்குவது அதே அளவில் கூடாது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விலகும் என்பதால், மேலே ஹெராயின் எடுத்தாலும் அதற்கு ஒட்ட இடம் குறைவு. ஏக்கமும் அடங்கும், ஆள் வேலைக்குப் போவான், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான். இதையும், இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நீரிழிவுக்காரரிடம் இன்சுலினை நிறுத்தச் சொல்வீர்களா? அப்படியிருக்க இதை மட்டும் ஏன் பிடுங்குகிறீர்கள்?

இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ கூடவே கூடாது. அவை பிடிப்பது காபா என்ற வேறு ஏற்பியை. ஆனால் மூச்சை அமுக்குவதில் இரண்டும் சேர்ந்துகொள்ளும், புப்ரெனார்ஃபின் எடுப்பவருக்கும் அப்போது ஆபத்துதான்.

இன்னொன்று, போதை எடுத்தவரின் குறட்டை. கரகரவென்று இழுத்து இழுத்து மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, உலுக்கினாலும் எழாத ஆள். "தூங்கட்டும், காலையில் பேசிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள், அது தூக்கமே இல்லை. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலாக்சோன் என்ற முறிவு மருந்து கையில் இருந்தால் கொடுங்கள், போதையை ஏற்பியிலிருந்து அது தள்ளிவிடும். கண் விழித்துவிட்டான் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். நலாக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடலாம், உள்ளே மிச்சமிருக்கும் போதை திரும்பவும் மூச்சை நிறுத்தும்.

பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். மறுபடி எடுத்துவிட்டான் என்று தெரிந்தால் அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். தனியாகக் கிடக்கும்போது மூச்சு நின்றால் பார்க்க ஆள் இருக்காது. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு அன்றைக்கே எங்களிடம் கூட்டி வாருங்கள்.