நெட்டி இருக்க நீச்சல் பை எதற்கு?

பிடித்த மீனைத் திரும்ப விடுவது பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ஒரு வரி ஓயாமல் வருகிறது: ‘வாய் வழியே வெளிவந்த நீச்சல் பையைக் குத்திக் காற்றை எடுக்கவும்.’ இதைப் படித்துக் குத்தினால் மீனுக்கு நாமே காயம் உண்டாக்குகிறோம். வாயில் பிதுங்கி நிற்பது இரைப்பை.

நீச்சல் பை என்று சொல்வது மீனின் உடலுக்குள் வாயு நிறைந்திருக்கும் பையை; ‘ஸ்விம் பிளாடர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. ஜெர்மனிலும் இதே அமைப்புதான். ஆனால் அங்கே ‘ஷ்விம்மன்’ என்றால் நீந்துவதும் உண்டு, மிதப்பதும் உண்டு. தமிழில் நீச்சல் வேறு, மிதப்பு வேறு. அந்தப் பை மீனை நீந்த வைப்பதில்லை; மூழ்காமலும் மேலெழாமலும் ஒரே ஆழத்தில் நிறுத்துகிறது. சுறாவுக்கும் திருக்கைக்கும் அது கிடையவே கிடையாது. அவை நீந்தவில்லையா?

காற்றுப்பை என்பார்கள் சிலர். பொருள் சரிதான், ஆனால் நுரையீரலுக்குள் இருப்பதற்கும் அதே பெயரைப் பாடநூல்கள் கொடுத்துவிட்டன. மிதப்புப்பை குழப்பாது, புதிதாகத்தான் ஒரு சொல் வேண்டும் என்றால் அதை ஏற்பேன். ஆனால் புதிதாக எதற்கு? கூறல் மீன் வலையில் விழுந்தால் கரையில் முதலில் விசாரிப்பது அதன் நெட்டி என்ன விலை போகும் என்றுதான். நெட்டி! அந்தப் பைக்குக் கரையில் வழங்கும் பெயர் அதுதான். மாலை கட்டும் தக்கை போன்ற நெட்டிச் செடிக்கும் இதே பெயர். அதுவும் லேசானது, மிதப்பது. குழம்பும் என்பவர்களுக்கு: செடியை யாரும் மீன் வயிற்றில் தேடப்போவதில்லை. அகராதியைப் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர் ஏலக்கூடத்தில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் இந்தச் சொல் கிடைத்திருக்கும்.

சொல் சரியானால் செய்முறையும் தெளியும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. அங்கிருந்து தூக்கினால் நெட்டியிலுள்ள வாயு 4 மடங்கு விரியப் பார்க்கும். கெண்டை, கெளுத்திக்கு நெட்டியிலிருந்து தொண்டைக்குக் குழாய் உண்டு, வாயுவை வாய் வழியே விட்டுவிடும். களவா, செப்பிலிக்கு அந்த வழி இல்லை. நெட்டி உப்பி இரைப்பையை வாய்க்கு வெளியே தள்ளுகிறது, கண்ணும் பிதுங்குகிறது. அப்படியே விட்டால் மீன் மல்லாந்து மிதக்கும். பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும்.

நல்ல வழி எடை கட்டி இறக்குவது. செப்பிலியின் இனமான ரெட் ஸ்னாப்பர் பிடிக்கும் மெக்சிகோ வளைகுடாவில், அமெரிக்கப் படகுகளில் இறக்கு கருவியோ, நெட்டியின் வாயுவை வெளியேற்றும் துளையூசியோ தயாராக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இறக்கு கருவிக்குக் குறைந்தது 16 அவுன்ஸ் எடை, 60 அடிக் கயிறு என்று அது கேட்டது. ஆழத்தில் வாயு சுருங்கியதும் இரைப்பை தானே உள்ளே போய்விடும்.

ஊசிதான் கையில் என்றால் உள்ளே துளையுள்ள ஊசி வேண்டும், கத்தி கூடாது. மார்புத் துடுப்பின் அடியிலிருந்து ஒன்று, ஒன்றரை அங்குலம் பின்னால், செதிலுக்கு அடியே, 45 பாகைச் சாய்வில் செலுத்தி, ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும்.

ஆகவே அந்த வரி இப்படி இருக்க வேண்டும்: ‘வாயில் தெரிவது இரைப்பை, தொடாதீர்கள்; வாயு இருப்பது உள்ளே, நெட்டியில்.’