ஓடுகிற செழிப்பு, உறைந்த மந்தம்

அந்தப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். பெரிய விளம்பரப் பலகை ஒன்றில் வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்தபடி காரில் போகிறது. உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் என்று மேலே கொட்டை எழுத்தில் பெருமை. பலகைக்குக் கீழே, கையில் பையும் பாத்திரமுமாகக் கறுப்பின மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்கப் பெருமந்தம் (1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி) பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படங்களில் வேலையின்மை என்று பேச்சு எடுத்தாலே இந்தப் படம் வந்துவிடும். ஆனால் அவர்கள் நிற்பது வெள்ள நிவாரணத்துக்காக. 1937 தொடக்கத்தில் ஓஹியோ ஆறு பெருகி லூயிவில் நகரம் மூழ்கியபோது, லைஃப் இதழுக்காக மார்கரெட் பர்க்-வைட் எடுத்த படம் அது.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. பின்னணிக் குரல் பேசும் ஒவ்வொரு நொடிக்கும் திரையில் ஏதாவது ஓடியாக வேண்டும். கைவசம் இருக்கும் படத்துக்கு ஏற்றபடி வரலாறு வளைகிறது, அவ்வளவுதான்.

1920களை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ல்ஸ்டன் நடனம், ஃபோர்டு கார்கள், எழும்பும் வானளாவிகள் என எல்லாமே ஓடும் படங்கள். அன்றைய மௌனப்படங்களில் பலவற்றைக் கையால் சுற்றும் கேமராவில் நொடிக்கு 16 முதல் 20 சட்டகம் வரை எடுத்தார்கள். 16 சட்டகத்தில் எடுத்ததைப் பேசும்படத்தின் வேகமான 24 சட்டகத்தில் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாக நடக்கும். பழைய ஆவணப்படங்கள் பலவற்றில் நியூயார்க்வாசிகள் எல்லாரும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போலத் தெரிவது இதனால்தான். கூடவே ஜாஸ் இசையையும் போட்டுவிட்டால், 'இந்த ஆட்டம் எங்கே போய் முடியப்போகிறதோ' என்று நமக்கே தோன்றிவிடும். அதே பத்தாண்டில் விளைபொருள் விலை சரிந்து விவசாயிகள் கடனில் தவித்ததும், கிராமத்து வங்கிகள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் திவாலானதும் அந்தத் தொகுப்பில் அபூர்வமாகத்தான் வரும். 1930இல்கூடப் பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது.

மந்தம் வந்ததும் திரை அசைவதை நிறுத்திவிடுகிறது. அதற்குக் காரணம் ஓர் அரசுத் துறை. 1935இல் தொடங்கிய மீள்குடியேற்ற நிர்வாகத்தில் (பின்னாளில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்) ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் டோரத்தியா லாங்கே, வாக்கர் எவன்ஸ் போன்ற புகைப்படக்காரர்களை ஊர் ஊராக அனுப்பிப் படம் எடுக்க வைத்தார். அந்தப் படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அரசுப் பணத்தில் எடுத்தவை என்பதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. பட்ஜெட் இறுகிய தயாரிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்? அசையாப் படத்தின் மேல் கேமராவை மெல்ல ஊரவிட்டு, ஒரு முகத்தை நெருங்கி நிறுத்துவார்கள். இந்த உத்திக்கு ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் பெயரையே ஆப்பிள் நிறுவனம் தன் மென்பொருளில் வைத்துவிட்டது.

சிக்கல் தேதியில் இருக்கிறது. உழைப்பாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் வேலையில்லாமல் நின்ற மோசமான கட்டம் 1933. ஸ்ட்ரைக்கரின் படங்களோ 1935க்குப் பிறகானவை, அதாவது பொருளாதாரம் எழுந்துகொண்டிருந்த காலத்தவை. லாங்கேயின் புகழ்பெற்ற 'புலம்பெயர் தாய்' புகைப்படம் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்தது. 1930களின் புழுதிப்புயலுக்குத் தப்பி வந்தவராக அந்தப் பெண்ணைக் காட்டுவது வழக்கம். அவர் குடும்பம் 1920களிலேயே கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டது.

எனக்கு இதைவிட உறுத்துவது ஒரு வெட்டு. பங்குச்சந்தை சரிந்த 1929 அக்டோபர் 29, வால் ஸ்ட்ரீட்டில் கூட்டம், வெட்டு, அடுத்த காட்சி கஞ்சிக்கு வரிசை. அன்று 230இல் முடிந்த டவ் ஜோன்ஸ் பங்கு விலைக் குறியீடு 1930 ஏப்ரலில் 294 வரை ஏறியது. பிறகுதான் சரிந்து சரிந்து 1932 ஜூலையில் 41இல் நின்றது. இடைப்பட்ட காலத்தில் விழுந்தவை வங்கிகள். 1930 டிசம்பரில் நியூயார்க்கின் 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடப்பட்டது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது தனியார் வங்கிதான். வைப்புத்தொகைக்குக் காப்பீடு இல்லாத காலம். ஒரு வங்கி மூடினால் அடுத்த வங்கியின் வாசலில் கூட்டம் முண்டியடிக்கும். பணத்தை எடுத்து மக்கள் வீட்டில் பதுக்கினார்கள், மிஞ்சிய வங்கிகள் கடன் கொடுக்கப் பயந்தன. 1933க்குள் நாட்டின் பண அளவில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. விலைவாசி கால்வாசி இறங்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1,000 டாலர் கடன் வைத்திருந்த விவசாயிக்குக் கோதுமை விலை பாதியாகிவிட்டால், அதே கடனை அடைக்க இரண்டு மடங்கு கோதுமை விற்றாக வேண்டும். எல்லாரும் அப்படி விற்க, விலை இன்னும் இறங்கும்.

இந்தச் சுழலை எந்தக் கேமராவால் பிடிக்க முடியும்? அதனால் புத்தக அலமாரி முன் உட்கார்ந்த பேராசிரியர் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிறார். ஜன்னலிலிருந்து குதித்த தரகர்களின் கதைக்கு அதைவிட அதிக நேரம் கிடைத்துவிடும். அந்த இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் தற்கொலைகள் கூடவில்லை என்று பொருளாதார அறிஞர் கால்பிரெய்த் புள்ளிவிவரங்களைப் பார்த்து எப்போதோ சொல்லிவிட்டார்.

2008 நிதி நெருக்கடிக்கும் இதே கதிதான். திவாலான முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸின் ஊழியர்கள் அட்டைப் பெட்டியோடு வெளியேறும் காட்சி எல்லாப் படத்திலும் உண்டு. 1933இல் சட்டமான வைப்புக் காப்பீட்டால் இந்த முறை தெருவில் வரிசைகள் குறைவு. முண்டியடித்தவை நிதி நிறுவனங்கள். கடன் பத்திரங்களை அடமானம் வைத்து ஓர் இரவுக்குக் கடன் வாங்கும் ரெப்போ சந்தையில், மறுநாள் காலை கடனைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஒருவருக்கொருவர் கைவிரித்தார்கள். அது நடந்தது தொலைபேசியிலும் கணினித் திரையிலும்.