பில் போடாமல் திரும்பிய சீட்டுகள்

புற்றுநோய் மருந்துகள் விற்கும் கவுண்டரில் நிற்கிற மருந்தாளுநர் நான். ஒருவர் சீட்டை நீட்டுவார், விலையைச் சொல்வோம், கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார், அப்புறம் "வீட்டுல கேட்டுட்டு வரேன் சார்" என்று சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். பலர் திரும்பி வருவதில்லை. ஏகபோகம், அதாவது ஒரு மருந்தை ஒரே கம்பெனி மட்டும் விற்கும் நிலை என்றதும், அது அடிக்கும் லாபத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம், எனக்கு அந்த மடித்த சீட்டுதான் கண்ணில் நிற்கிறது.

கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தரும் சோராஃபெனிப் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை, அதாவது வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்ற உரிமை, பேயர் நிறுவனத்திடம் இருந்தபோது அவர்களுடைய நெக்ஸாவர், ஒரு மாதத்துக்கான 120 மாத்திரை, 2,80,428 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் மருந்தைச் செய்ய அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை, நாட்டிலேயே முதல்முறையாக, ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்துக்குக் கொடுத்து, அதே 120 மாத்திரையை 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. பேயருக்கு விற்பனையில் 6 சதவீதத்தை ராயல்டியாகவும் தர வேண்டும் என்றது. பேயரின் மேல்முறையீடு சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை வாரியத்துக்கு வந்தது, 2013இல் அவர்கள் ராயல்டியை 7 சதவீதமாக்கிவிட்டு உரிமத்தை அப்படியே உறுதிசெய்தார்கள்.

ராயல்டியும் கொடுத்து 8,880க்கு விற்க ஒரு கம்பெனி தானாக முன்வருகிறது என்றால் மாத்திரை செய்யும் செலவு அதற்கும் கீழேதான் இருக்க வேண்டும். அப்படியானால் மாதம் இருபதாயிரம் புரட்ட முடிந்த ஒரு குடும்பம், செலவைவிட அதிகமாகவே கொடுக்கத் தயாராக இருந்தும், பழைய விலையில் வெறுங்கையோடு போயிருக்கும். நிலத்தை விற்று வாங்கியவரின் பணமாவது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது, ஆனால் வாங்காமல் போனவருக்கு மருந்தும் இல்லை, கம்பெனிக்குக் காசும் இல்லை. பொருளாதாரத்தில் நல இழப்பு என்று சொல்வது இதைத்தான். எந்தக் கடையின் விற்பனைக் கணக்கிலும் இது ஏறாது, ஏனென்றால் பில்லே போடவில்லை.

லாபம் இல்லாவிட்டால் புது மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி, அதற்காகத்தான் 20 வருடக் காப்புரிமை. ஆனால் காப்புரிமை கொடுத்து மூன்று வருடமான பிறகும் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் மருந்து கிடைக்கவில்லை என்றால் வேறொருவர் உரிமம் கேட்கலாம் என்று அதே காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறது, நாட்கோ போனது அந்த வழியில்தான்.

இன்னொன்று. காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் செய்யும் மருந்திலும் போட்டி உங்கள் வரை வராமல் போகலாம். சீட்டில் ஒரு பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் அதற்குப் பதிலாக வேறு கம்பெனி மாத்திரையை நாங்களாக மாற்றித் தர விதி இடம் கொடுப்பதில்லை. அதனால் விலை கேட்டு மலைத்து நின்றால் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். இதே மருந்து வேறு கம்பெனியில் என்ன விலை என்று எங்களிடம் கேளுங்கள், அந்தப் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிறோம், எடுத்துக்கொண்டு அப்படியே மருத்துவரிடம் போய் மாற்றி எழுத முடியுமா என்று கேளுங்கள்.