பிளேனார் ஸ்பீக்கர்: பெயரில் இருப்பது பாதிதான்

பிளேனார் என்றால் சமதளமான, தட்டையான என்று பொருள். ஸ்டீரியோ பேச்சில் இந்தச் சொல் ஒரு ஸ்பீக்கர் வகையைக் குறிக்கும். வழக்கமான பெட்டி ஸ்பீக்கரில் ஒரு கூம்பு முன்னும் பின்னும் அசையும். பிளேனாரில் அகலமான மெல்லிய தாள் ஒன்று முழுப்பரப்பாக அதிர்ந்து ஒலியெழுப்பும்.

வேர், லத்தீனின் 'பிளானுஸ்'. மேடுபள்ளம் இல்லாதது, மட்டமானது. வடிவியலில் வரும் 'பிளேன்' அங்கிருந்து வந்தது. பியானோவும் அதே வேர்தான்! இத்தாலியில் மட்டமானது என்பது மிருதுவானது, மெல்லோசை என்று நகர்ந்து, மெதுவாகவும் உரக்கவும் வாசிக்க வந்த கருவிக்குப் பெயராகிவிட்டது.

ஸ்பீக்கர் உலகில் இந்தச் சொல்லைப் பெயரிலேயே சுமந்து வந்தது மேக்னெபிளேனார். அமெரிக்காவில் 3எம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜிம் வைனி, 1969இல் மினசோட்டாவில் மேக்னெபான் நிறுவனத்தைத் தொடங்கி, காந்தத்தையும் பிளேனாரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். அதற்கு முன்பே, 1957இல், இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் குவாட் நிறுவனத்தின் தட்டை ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அது நிலைமின் ஸ்பீக்கர் என்றே அறியப்பட்டது.

இன்று ஒரே பெயருக்குள் மூன்று கருவிகள் இருக்கின்றன. நிலைமின் வகையில், துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்னேற்றப்பட்ட தாள் நிற்கும். அதற்குச் சில ஆயிரம் வோல்ட் தேவை, எனவே ஸ்பீக்கரையே சுவர் பிளக்கில் செருக வேண்டும். ரிப்பன் வகையில் தாள் இல்லை, மெல்லிய அலுமினியப் பட்டையே அதிரும். மூன்றாவது, காந்த வகை. மேக்னெபானின் துணியை விலக்கிப் பார்த்தால் துளைகள் நிறைந்த இரும்புத் தகடும், அதில் வரிவரியாக ஒட்டிய காந்தப் பட்டைகளும் தெரியும். அதை ஒட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் தாள். தாளின் மேல் மேலும் கீழுமாக ஓடும் கம்பி அல்லது அலுமினிய இழை. பாட்டு மின்னோட்டமாக அதில் பாயும்போது காந்தப்புலம் இழையைத் தள்ளும், தாளும் கூடவே போகும். ஹெட்போன்காரர்கள் வெறுமனே 'பிளேனார்' என்றால் இந்த மூன்றாவதை மட்டும்தான் சொல்கிறார்கள்.

ஒல்லியாக இருப்பதெல்லாம் பிளேனார் இல்லை. டிவிக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டும் மெலிந்த ஸ்பீக்கர்களைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது சின்னக் கூம்புகள்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? பள்ளிப் பாடத்திலேயே 'சமதள ஆடி' இருக்கிறது, அதன் வழியில் 'சமதள ஒலிபெருக்கி' தடையில்லாமல் வருகிறது. பேச்சுக்குத் 'தட்டை ஒலிபெருக்கி' போதும். வடிவத்தை முன்னால் வைத்து ஸ்பீக்கருக்குப் பெயரிடுவது நமக்குப் புதிதும் அல்ல, கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்று திருவிழாக் காலங்களில் செய்தி வருகிறதே. ஆனால் இந்தப் பெயரிலும் ஒரு சிக்கல்: ஸ்பீக்கர் செய்யும் மார்ட்டின்லோகன் நிறுவனத்தார் நிலைமின் தாளை வளைத்தே செய்கிறார்கள். வளைந்த சமதளம் என்று சொன்னால் கணக்கு வாத்தியார் சண்டைக்கு வருவார், சரி, வழக்கு வழக்குதான்.

ஆனால் வீட்டுக்கு ஒத்துவருமா என்று கேட்பவருக்குத் தட்டை என்ற விவரம் அதிகம் உதவாது. இவற்றில் பெரும்பாலானவைக்குப் பெட்டி கிடையாது. அதனால் முன்னால் எவ்வளவு ஒலி வருகிறதோ அவ்வளவு பின்னாலும் போகிறது, ஆனால் தலைகீழாக: தாள் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்பீக்கரின் விளிம்புக்கு நேராகப் போய் நின்று கேளுங்கள், பாட்டு சட்டென்று மெலிந்துவிடும். இதனால்தான் இதை இருமுனை ஒலிபெருக்கி என்றும் சொல்கிறோம். நல்லதும் கெட்டதும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி குறைவதால் குரலும் வயலினும் இடம் பிரிந்து தெளிவாக நிற்கும். பின்னால் போன ஒலி சுவரில் பட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்பினால், பாடுகிறவர்கள் நிற்பதாக நமக்குத் தோன்றும் மேடைக்கு ஆழம் கிடைத்தாற்போல் இருக்கும். சுவரை ஒட்டி வைத்தால் அந்தத் தாமதம் போய், எல்லாம் குழம்பிவிடும். குறைந்தது மூன்று அடியாவது முன்னால் இழுத்து வைக்க வேண்டும். பத்தடி ஹாலில் மூன்று அடியை ஸ்பீக்கருக்குக் கொடுக்க வீட்டில் சம்மதிக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி, விலை அப்புறம்.

அடுத்தது ஆம்பிளிஃபையர். மேக்னெபானின் சிறிய மாடலாக இருந்த எல்ஆர்எஸ்ஸை எடுத்துக்கொள்வோம்: நாலடி உயரம், ஓர் அங்குலத் தடிமன். உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல் என்று போட்டிருக்கும். பார்க்கப் பரவாயில்லை. ஆனால் அதன் மின்தடை 4 ஓம், அந்த வோல்ட்டில் அது 2 வாட் இழுக்கிறது. ஒரு வாட்டுக்குக் கணக்கிட்டால் 83 டெசிபல்தான். அதே 86 எழுதிய 8 ஓம் பெட்டி ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு திறன் கேட்கும். 4 ஓமில் சளைக்காமல் மின்னோட்டம் தரும் ஆம்பிளிஃபையர் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

பாஸ் எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தாழ்ந்த சுரங்களில் பின்னொலி சுற்றி வந்து முன்னொலியைத் தின்றுவிடும். எல்ஆர்எஸ் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காமல் நின்றுவிடுகிறது. சப்வூஃபர் சேர்க்கலாம், அல்லது கீழே கூம்பு வூஃபர் வைத்த கலப்பு மாடல்களைப் பார்க்கலாம்.

என் கணக்கில், மிதமான சத்தத்தில் வாய்ப்பாட்டும் வீணையும் கேட்க, ஒரே நாற்காலியில் அசையாமல் உட்காருகிறவருக்கு இதற்கு ஈடு குறைவு. நாலு பேர் சோபாவில் பரவி உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டுக்கு நல்ல பெட்டி ஸ்பீக்கரே மேல். உயர் சுரங்கள் குறுகிய கற்றையாக வருவதால் நாற்காலியை விட்டு எழுந்தாலே ஒலி மாறும் மாடல்கள் உண்டு. கடையில் கேட்கும்போது உட்கார்ந்தும் நின்றும் கேட்டுவிடுங்கள்.

பழையது வாங்குவதானால், காந்த வகையில் தாளோடு இழையை ஒட்டிய பசை நாள்பட்டு விட்டுப்போகும். சத்தத்தைக் கூட்டும்போது ஏதாவது ஒரு சுரத்தில் 'ஜிர்ர்' என்று அதிர்ந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். வெயில் படும் ஜன்னலோரம் நின்ற ஜோடி என்றால், இழை விட்டுப்போயிருக்கிறதா என்று முதுகுப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.