பழைய பைக்கின் ஆர்.சி.யில் நிற்கும் ஃபைனான்ஸ் பெயரை நீக்குவது எப்படி?

கடைசி டியூவைக் கட்டி ரசீது வாங்கியதும் பைக் முழுக்கத் தன்னுடையதாகிவிட்டது என்று நம்புகிறவர்களே பெரும்பாலோர். கடன் கணக்கின்படி அது சரிதான், பதிவேட்டின்படி சரியில்லை. ஆர்.சி.யில் ஏறிய நிதி நிறுவனத்தின் பெயர், உரியவர் விண்ணப்பித்து நீக்கும்வரை அங்கேயே நிற்கும். நிறுவனம் தானாக முன்வந்து நீக்குவது அரிது, ஆர்.டி.ஓ. அலுவலகம் தானாக நீக்கவே நீக்காது. ‘ஹெச்.பி. கேன்சல்’ (ஹெச்.பி. என்பது ஆர்.சி.யில் ஏறிய கடன் பதிவு) என்று எல்லோரும் சொல்லும் இந்த ஒரு வேலையை முதல் உரிமையாளர் செய்யாமல் விட்டதால், அதே வண்டியை இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் வாங்கியவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் அலைக்கழிக்கப்படுவதைப் பலமுறை பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 51-ஆவது பிரிவின்படி, கடன் ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றுடன் விண்ணப்பித்தால் அந்தப் பதிவை நீக்கலாம்; நீக்காதவரை நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றம் செய்ய முடியாது. விண்ணப்பம் 35-ஆம் படிவம். அதில் இருவர் கையெழுத்திட வேண்டும்: ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர், கடன் கொடுத்த நிறுவனம். வண்டியைப் பணம் கொடுத்து வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் இந்த இருவரில் ஒருவர் அல்லர். மற்ற எல்லாச் சிக்கல்களும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

கடலூர் முதுநகரைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவர், பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடை ஒன்றில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யையும், பழைய உரிமையாளர் தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களையும் பாலிதீன் உறையில் சுற்றிப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். பதினைந்து ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்து புதுப்பிக்கப் போனபோதுதான் ஆர்.சி.யில் இருந்த நிதி நிறுவனத்தின் பெயரைக் கவுன்டரில் விரல் வைத்துக் காட்டினார்கள். அந்த நிறுவனத்தின் கிளை அதற்குள் மூடப்பட்டிருந்தது. பழைய உரிமையாளர் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டார். விற்ற கடையோ ‘பேப்பர் எல்லாம் அப்பவே கொடுத்தாச்சு’ என்று கைகழுவிவிட்டது. கடையில் கொடுத்த பேப்பரில் 35-ஆம் படிவமும் இல்லை, நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று) இல்லை. அவை இரண்டும் இல்லாத 29, 30-ஆம் படிவங்களால் கடன் உள்ள வண்டிக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணை இட்டுப் பாருங்கள். நிதி நிறுவனத்தின் பெயர் காட்டினால், ‘லோன் எப்பவோ முடிஞ்சுது’ என்ற சொல்லை நம்பாமல், விற்பவரையே முதலில் ஹெச்.பி. கேன்சல் செய்துவரச் சொல்லுங்கள். அதுவரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள். கடன் இன்னும் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்கக் கூடாது. நிறுவனத்திடம் கணக்கை முடிப்பதற்கான தொகையை எழுத்தில் வாங்கி, கடன் கணக்கிலேயே நேரடியாகக் கட்டி, ரசீதின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி உள்ள வண்டியை நடுத்தெருவில் மறித்து எடுத்துச் செல்லும் சீசிங் ஆட்கள் நீங்கள் கொடுத்த விலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். உங்களுக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தமே இல்லை என்பதால் அங்கே உங்கள் பேச்சும் எடுபடாது. விற்றவர் மீது மோசடிப் புகார் கொடுப்பது ஒன்றுதான் மிஞ்சும்.

நிறுவனத்திடம் என்.ஓ.சி. கேட்கும்போது வரும் முதல் தடை சில்லறைப் பாக்கி. எல்லாத் தவணையும் கட்டியிருந்தாலும் காசோலை திரும்பியதற்கான கட்டணம், தாமதக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கட்டாதவரை கணினி என்.ஓ.சி.யை விடாது, கேட்டால் ஒழிய யாரும் அதைச் சொல்லவும் மாட்டார்கள். முழுக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கினால் அது எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும். இரண்டாவது தடை, கடன் வாங்கியவர் அதே நிறுவனத்தில் வேறு கடன் வைத்திருப்பது அல்லது வேறொருவருக்கு ஜாமீன் போட்டிருப்பது. அதைக் காட்டி இந்த என்.ஓ.சி.யை நிறுத்திவைப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படி நிறுத்தினால் காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு மேலே எங்கும் புகார் செய்ய இயலாது.

வங்கிகள் இணைந்துவிட்டதால் ஆர்.சி.யில் இருக்கும் பெயரே இன்று இல்லாமல் போயிருக்கலாம். விஜயா வங்கி 2019-இல் பேங்க் ஆஃப் பரோடாவுடன் இணைந்தது. 2020-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும், லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியுடனும் இணைந்தன. நம் பக்கத்தில் இரு சக்கர வாகனக் கடன் நிறையக் கொடுத்த ஸ்ரீராம் சிட்டி யூனியன் 2022-இல் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது. பழைய கடன் எண் இல்லையென்றால் கிளையில் ‘எங்கள் சிஸ்டத்தில் இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். வண்டி எண், சேசிஸ் எண், கடன் வாங்கியவரின் பெயர் ஆகியவற்றுடன் தலைமை அலுவலகத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுவதே பலன் தரும். புதிய நிறுவனத்தின் பெயரில் வரும் என்.ஓ.சி.யில் ‘முன்னர் இன்ன பெயரில் இருந்த நிறுவனம்’ என்ற வரி இருக்குமாறு கேளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. கவுன்டரில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு மிக அதிகம்.

என்.ஓ.சி. கையில் வந்ததும் அதிலேயே வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண்ணை ஆர்.சி.யுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். பல நிறுவனங்கள் என்.ஓ.சி.யில் மூன்று மாதம் என்று காலவரையும் அச்சிடுகின்றன. பீரோவில் வைத்துவிட்டு அடுத்த ஆண்டு எடுத்துப் போனால் அது வெறும் தாள். 35-ஆம் படிவம் இரண்டு பிரதி வேண்டும். வண்டி முதலில் பதிவான அலுவலகம் வேறு என்றால் மூன்று. சில வங்கிகள் என்.ஓ.சி.யை அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனுக்கே மின்னணு முறையில் அனுப்பிவிடுகின்றன. அப்போதும் உரிமையாளர் விண்ணப்பித்தே ஆக வேண்டும்.

பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களும், பதிவில் உள்ள கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கேட்கப்படும். பழைய வண்டிகளில் அந்தக் கைப்பேசி எண் பெரும்பாலும் செத்துப்போன எண்ணாகவோ, வண்டி விற்ற டீலரின் எண்ணாகவோ இருக்கும். முதலில் அதை மாற்ற வேண்டும். அதற்கும் பதிவு உரிமையாளரே வர வேண்டும். கட்டாத அபராதச் சலானும் காலாவதியான காப்பீடும் புகைச் சான்றும் விண்ணப்பத்தைப் பாதியில் நிறுத்திவிடும் என்பதால் அவற்றை முன்பே முடித்துவிடுங்கள். கட்டணம் எவ்வளவு என்பதைத் தளமே காட்டும். அதற்கு மேல் ‘ஆபீஸ் செலவு’ என்று புரோக்கர் கேட்பது எந்த அரசாணையிலும் இல்லை.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஆர்.சி. விரைவு அஞ்சலில் மட்டுமே, பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பப்படுகிறது. விற்றவர் வீடு மாறியிருந்தால் அது ஆளில்லா வீட்டின் கதவைத் தட்டிவிட்டு அலுவலகத்துக்கே திரும்பும். இதைத் தவிர்க்க, என்.ஓ.சி. கையில் இருந்து விற்பவரும் உடன் வரத் தயாராக இருந்தால், ஹெச்.பி. கேன்சலையும் பெயர் மாற்றத்தையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துக் கேட்பதே நல்லது. தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், தளத்தில் இரண்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுக்க முடிவதைக் காட்டுங்கள்.

புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புதுச்சேரியின் பி.ஒய். 01 வண்டியைக் கடலூரின் டி.என். 31-க்கு மாற்ற 28-ஆம் படிவத்தில் போக்குவரத்துத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். இது நிதி நிறுவனம் தரும் என்.ஓ.சி. அல்ல. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றுக்கான வரிசையில் நின்று திரும்புகிறவர்கள் ஏராளம். ஹெச்.பி.யைப் புதுச்சேரியிலேயே நீக்கிவிட்டு அதன் பிறகு 28-ஆம் படிவத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டு வரியையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான கடன் முழுவதும் கட்டப்பட்ட 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து பதிவேட்டில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கேட்க இனிமையாக இருக்கும் இந்த உத்தரவு, 2023 டிசம்பர் 1 அன்றோ அதற்குப் பின்னோ ஆவணம் திருப்பித் தர வேண்டிய கடன்களுக்கே பொருந்தும். இழப்பீடும் கடன் வாங்கியவருக்குத்தான், வண்டியை வாங்கியவருக்கு அல்ல. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாக முறையிடலாம், உதவிக்கு 14448. அங்கும் கடன் வாங்கியவர் பெயரிலேயே புகார் போக வேண்டும். 100 கோடி ரூபாய்க்குக் குறைந்த சொத்துள்ள, வைப்புத்தொகை வாங்காத சிறு ஃபைனான்ஸ்கள் இந்தக் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் வருவதில்லை. பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் மாடிப்படி ஏறிப் போய்க் கடன் வாங்கும் ஃபைனான்ஸ்கள் பெரும்பாலும் அத்தகையவையே.

தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஆர்.டி.ஓ. அலுவலகம் இழுத்தடித்தால், கடலூரில் இருப்பவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யலாம். இரு ஊர்களுக்கும் பொதுவானது தகவல் உரிமைச் சட்டம். ‘என் விண்ணப்பம் இன்று யாருடைய மேசையில் உள்ளது, எந்த விதியின்படி நிறுத்தப்பட்டுள்ளது’ என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால், 30 நாள் கெடு முடிவதற்குள்ளேயே பல கோப்புகள் நகர்ந்துவிடுகின்றன. இரண்டாம் மேல்முறையீடு கடலூர்க்காரர்களுக்கு மாநிலத் தகவல் ஆணையத்திலும், புதுச்சேரிக்காரர்களுக்கு மத்தியத் தகவல் ஆணையத்திலும்.

விற்பவர்களும் இதை வாங்குபவர் பாடு என்று விட்டுவிட முடியாது. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் கூறிவிட்டது. ஹெச்.பி. நீங்காமலும் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலும் பெயர் மாறாது. பெயர் மாறாதவரை, எங்கோ யாரோ ஓட்டும் வண்டிக்கான நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கே வரும்.

புதிய ஆர்.சி. வந்தவுடன் காப்பீட்டுப் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் நீங்கிய நிறுவனத்தின் பெயர் பாலிசியில் அப்படியே இருக்கும். வண்டி திருடுபோனாலோ முழுதும் சேதமானாலோ இழப்பீட்டுத் தொகை அந்த நிறுவனத்துக்குப் போகும் அல்லது மறுபடி என்.ஓ.சி. கேட்பார்கள். ஆர்.சி. நகலைக் கொடுத்து அந்தப் பெயரை நீக்கும் எண்டார்ஸ்மென்ட்டையும் உடனே வாங்கிவிடுங்கள்.