ஒரே கணினியில் நாலு பிரிண்டர்: பில் எங்கே நிற்கிறது?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. மதியக் கூட்டம். கல்லாவில் இருப்பது ஒரே கணினி, அதில் நாலு பிரிண்டர்: பில்லுக்கு ஒன்று, சமையல்கட்டுக்கு ஒன்று, பார்சல் லேபிளுக்கு ஒன்று, கேட்டரிங் இன்வாய்ஸுக்கு ஏ4 லேசர் ஒன்று. பட்டனை அழுத்திவிட்டுக் கல்லாப் பெண் காத்திருக்கிறார், காசைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரும் காத்திருக்கிறார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பி, நாலையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்றார்.

வேண்டாம் அண்ணே என்றேன். புது பிரிண்டர் வாங்கிய பிறகும் அதே தாமதம் என்று என்னை அழைத்தவர்கள் பலர். அந்தக் காசு வீணாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

முதலில் கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து கணினித் திரையில், அச்சாகக் காத்திருக்கும் வேலைகளைக் காட்டும் பிரிண்டர் வரிசையில் அது தெரிய எத்தனை விநாடி? அங்கிருந்து பேப்பர் அசைய எத்தனை? அசைந்ததிலிருந்து வெட்டி விழ எத்தனை? முதலாவது நீண்டால் பில் மென்பொருளையோ, பிரிண்டரோடு கணினியைப் பேசவைக்கும் டிரைவர் மென்பொருளையோ பாருங்கள். இரண்டாவது நீண்டால் போர்ட் (பிரிண்டருக்கு வேலை போகும் வழி), நெட்வொர்க். மூன்றாவது என்றால் பெரும்பாலும் கேபிளின் வேகம்.

இந்தக் கடையில் அதிகம் இழுத்தது மூன்றாவதுதான். பேப்பர் விக்கல் எடுப்பதுபோல நின்று நின்று வந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். 2024 ஜனவரியில் ஜிஎஸ்டி 9 சதவீதம் ஆனபோது பில் வடிவத்தை மாற்றினார்களாம். அப்படியே பதார்த்தப் பெயர்களைத் தமிழிலும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நிறைய பில் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்து கிடையாது. மென்பொருள் பில்லையே படமாக வரைந்து அனுப்புகிறது. 80 மி.மீ. பேப்பரில் ஒரு புள்ளிவரிக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். ஒரு மில்லிமீட்டருக்கு 8 வரி என்றால், 10 செ.மீ. பில்லுக்கு 57,600 பைட். பிரிண்டர் பழைய சீரியல் கேபிளில், விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் இருந்தது. ஒரு பைட் போக அதில் 10 பிட் ஆகும், அதனால் விநாடிக்கு 960 பைட்தான் போகும். கணக்குப் போட்டால் ஒரு முழு நிமிடம்! அதையே 115200 ஆக்கினால் ஐந்து விநாடி. மாற்றும்போது பிரிண்டரிலும் கணினியிலும் ஒரே எண்ணை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேப்பரில் கிறுக்கல்தான் வரும். யூஎஸ்பி வசதி இருந்தால் அதற்கே மாறிவிடலாம். இங்கே அதைத்தான் செய்தேன்.

அப்புறம் சமையல்கட்டு. மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் அந்த பிரிண்டருக்கு வேறு நெட்வொர்க் முகவரி (ஐபி எண்) கொடுத்திருந்தது. கணினியோ பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடையின் மென்பொருள் சமையல்கட்டுச் சீட்டை அனுப்பி முடித்த பிறகுதான் பில்லை அனுப்பும். அங்கே மாட்டினால் இங்கேயும் மாட்டும். ரவுட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, பிரிண்டரை விண்டோஸில் நெட்வொர்க் பிரிண்டர்களுக்கென்று இருக்கும் ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்டில், 9100 எண்ணில் சேர்த்தேன்.

விண்டோஸில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனி வரிசை உண்டு. ஆனால் எல்லா வரிசைகளையும் நடத்துவது ஸ்பூலர் என்ற ஒரே சேவை. ஒரு டிரைவர் அதைத் திணறடித்தால் மற்ற மூன்று பிரிண்டர்களும் சேர்ந்து நிற்கலாம். அதனால் பயன்படாத பிரிண்டர் பெயர்களை விட்டுவைக்காதீர்கள். அந்தக் கணினியில் பதினொரு பெயர்கள் இருந்தன, உயிரோடு இருந்தவை நாலுதான்! செத்துப்போன ஒன்று டீஃபால்ட் பிரிண்டராக இருந்தால் வேர்டு, எக்செல் திறப்பதுகூடத் தாமதமாகும்.

இந்தப் பெயர்கள் பெருகுவதற்குக் காரணம் உண்டு. கடையைக் கூட்டிப் பெருக்கும்போது கேபிள் கழன்றால், கையில் கிடைத்த வேறு யூஎஸ்பி துளையில் செருகிவிடுகிறோம். அப்போது பல பிரிண்டர்களை விண்டோஸ் புதிது என்று நினைத்து "காப்பி 1" என்று இன்னொரு பெயர் சேர்த்துக்கொள்ளும். பழைய பெயருக்குப் போகும் பில்கள் வரிசையிலேயே கிடக்கும். எந்தக் கேபிள் எந்தத் துளை என்று இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள்.

ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் ஹப்பைக் குறை சொல்பவர்கள் அதிகம். யூஎஸ்பி 2.0 வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், நாலு பிரிண்டருக்குத் தாராளம். ஹப் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். லேசரில் நீளமான இன்வாய்ஸ் அடிப்பவர்கள், கடைசிப் பக்கம் தயாராகும் வரை காத்திருக்காமல் உடனே அச்சிடத் தொடங்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வரிசை மாட்டிக்கொண்டது என்று கூட்ட நேரத்தில் ஸ்பூலரை நிறுத்தி, அதன் ஃபோல்டரில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். இன்னும் அச்சாகாத சமையல்கட்டுச் சீட்டுகளும் அதோடு போய்விடும், யார் என்ன கேட்டார்கள் என்றே தெரியாது. கடை மூடிய பிறகு செய்யுங்கள். தீபாவளிக் கூட்டம் தேக்காவில் ஆரம்பிக்க ஒரு மாதம் முன்பே ஒரு ராத்திரியை இதற்கென்று ஒதுக்குங்கள்.